காலருக்குள் இரண்டு தையல்

என் கடைக் கண்ணாடி மேசைமேல் போலீஸ் சார்ஜன் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே ஒரு கருநீலச் சட்டை. முதுகுப் பக்கம் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது.

சார்ஜன் தமிழர்தான். மாதம் இரண்டு முறை தம் சீருடையைச் சலவைக்குக் கொண்டுவருகிறவர். அன்று சலவைக்கு வரவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, தொடாம பாருங்க. காலர் உள்பக்கத்துல இருக்கே, அது ஒங்க கடைத் தையலா?"

குனிந்து பார்த்தேன். பையின் வழியாகவே தெரிந்தது. கழுத்துப் பட்டையின் உள்பக்கம் அரிசி மணி அளவில் இரண்டு தையல். மஞ்சள் நூல்.

"என் தையல்தான் சார்ஜன்."

"யாரு சட்டை?"

"மஞ்சள் ரெண்டு. காளியப்பன். செம்பனை லோரி ஓட்டுறானே, அவன்."

அவர் கேட்டு முடித்ததற்கும் நான் சொன்னதற்கும் நடுவில் ஓர் இருமல் இருமக்கூட நேரமில்லை. சார்ஜன் அசந்துபோய், "கம்பியூட்டர் தோத்துரும்லா ஒங்ககிட்ட" என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. பாசாருக்குப் பின்னால் இருக்கும் கைப்பேசிக் கடைக்காரர் மதியத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எவனோ கூரைத் தகரத்தைப் பிரித்து உள்ளே இறங்கி, ஒரு பை நிறையக் கைப்பேசிகளை அள்ளியிருக்கிறான். திரும்ப ஏறும்போது சட்டை தகர விளிம்பில் மாட்டிக்கொண்டது. இழுத்தும் வரவில்லை. கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனோடு ஓடிவிட்டான். அந்தச் சட்டைதான் என் மேசைமேல் இருந்தது.

அன்று மத்தியானமே காளியப்பனை விசாரணைக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

நூல்தான் என் எழுத்து

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தோட்டத்துக் குழாயடியில், கணக்கெழுதும் பெரிய கிராணியின் வெள்ளைக் காற்சட்டைகளைத் துவைத்துத் தொழிலை ஆரம்பித்தவன். இன்றைக்கு மூன்று சலவைக் கடை, நான்கு வேன், பதினொரு இயந்திரம். மின்மினிப் பூச்சி பார்க்கக் கோலா சிலாங்கூர் வருகிறவர்கள் படுக்கும் விரிப்புகளில் பாதி என் கடையில்தான் வெளுக்கின்றன. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

அந்தக் குழாயடியில், ஆட்களை வேலை வாங்கும் ஒரு மண்டோர் என்னைப் பார்த்து, "கறுத்த பயலே, நீ தொட்டா வெள்ளத் துணியும் கறுத்துப்போவும்டா" என்று எகத்தாளம் பேசினார். அன்று முழுக்கக் கசக்கி, நீலம் போட்டு, கஞ்சி காட்டி, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு, கிராணி அந்தக் காற்சட்டையோடு வந்து நின்றார். பால்மரங்களுக்கு நடுவில் இரண்டு வெள்ளைக் குழல்விளக்கு நின்றது போல இருந்தது. மண்டோர் அதற்குப் பிறகு தம் வேட்டியையும் என்னிடம்தான் கொடுத்தார்.

கடை வைத்ததும் ஒரு சிக்கல் வந்தது. யார் துணி எது என்று அடையாளம் வேண்டும். மை எழுதினால் தண்ணீரில் நிற்காது. என் கையெழுத்தோ காகிதத்திலேயே நிற்காது. அதனால் நூலைப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு நிறம், ஓர் எண்ணிக்கை. சிவப்பு மூன்று என்றால் பல் டாக்டர். ஊதா ஒன்று பாதிரியார். காலரின் உள்பக்கம் பருத்தி நூலால் தைத்துவிட்டால் சட்டை கந்தலாகும்வரை அடையாளம் போகாது. நோட்டுப் புத்தகமெல்லாம் கிடையாது, எல்லாம் என் தலைக்குள்தான். படித்தவர்கள்கூட வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள்.

துணிக்காரன் தமிழ்

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு தமிழாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, ஒங்க தமிழ்ல சோப்பு வாசம் அடிக்குதுங்க" என்று சிரித்தார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எழுத்துப் பிழையைத்தான் பத்திரிகை ஆசிரியர் திருத்துகிறார், சொல் என்னுடையது.

யோசித்துப் பார்த்தால், சோப்பு வாசம் என் தமிழில் மட்டுமா அடிக்கிறது? ஒருவன் வேஷம் கலைந்தால் சாயம் வெளுத்தது என்கிறோம். லஞ்சம் வாங்காதவருக்குக் கறைபடாத கை. நாலு பேர் நடுவில் திட்டித் தீர்த்தால் துவைத்துக் காயப்போட்டார், வெளுத்து வாங்கினார் என்கிறோம். அவமானப்பட்டவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகிறான், பெற்றவர்கள் முகத்தில் கரி. சூது தெரியாதவனுக்கு வெள்ளை மனசு. கூசாமல் சொன்னால் பச்சைப் பொய். யோக்கியனையும் அயோக்கியனையும் பற்றிப் பேச வாயெடுத்தால் தமிழனுக்கு வக்கீல் வீட்டுச் சொல் முந்துவதில்லை. துணியும் சாயமும்தான் முந்தி வருகின்றன. என் தொழிலுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

'கையும் களவுமாக' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்தது ஒரே தடவை. என் முதல் கடை புக்கிட் மெலாவாத்தி அடிவாரத்தில் இருந்தது. கோயில் தலைவரின் பட்டு வேட்டியைக் கொடியில் காயப் போட்டிருந்தேன். குன்றிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று அதை உருவிக்கொண்டு மரத்தில் ஏறி, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டுதான் வேட்டியைக் கீழே போட்டது. என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு, அது அவர்களில் ஒன்று.

இன்னும் ஒன்று சொல்வார்கள்: பச்சை குத்தியது போல. ஊர் ஒருவன்மேல் ஒரு பேரை ஒட்டிவிட்டால் அப்படித்தான், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. காளியப்பன் இளவட்டமாக இருந்தபோது தோட்டத்து ஸ்டோரிலிருந்து ரப்பர் ஷீட்டுகளைத் திருடி விற்று, இரண்டு வருடம் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர். பிறகு கல்யாணம் செய்யவில்லை. லோரி ஓட்டினார். வாரம் தவறாமல் இரண்டு சட்டை என் கடைக்கு வரும். "நீயே கசக்கிக் கட்டக்கூடாதா, காளி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்பி எண்ணிட்டு வந்தவன் கசங்கின சட்டையோட நின்னா ஊரு வேற மாதிரி பாக்கும்ணே" என்றார்.

இப்படிச் சொன்ன மனுஷன். அவர் பேரைத்தான் நான் ஓர் இருமல் நேரம்கூட யோசிக்காமல் சொன்னேன். ஊரும் யோசிக்கவில்லை. "அவனா? அவன் புத்தி எங்க போவும்?" என்று காப்பிக் கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் அங்கே உட்கார்ந்து தலையாட்டினேன்.

மேரி

ஆரோக்கியமேரி என் கடையில் இஸ்திரி மேசைக்கும் நூல் பெட்டிக்கும் பொறுப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு வீடு கட்டியபோது டவுனுக்கு வந்த குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கடையில் வா, போ என்றுதான் பேசுவேன். எழுத்தில் 'அவர்' என்று போடுகிறேன். காரணம் இருக்கிறது.

உறவுக்காரர் கல்யாணத்துக்காக மேரி கிள்ளானுக்குப் போயிருந்தார். யாரோ கைப்பேசியில் சட்டை விவரத்தைச் சொல்லியிருக்க, திங்கட்கிழமை காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பயணப் பையோடு நேராகக் கடைக்குள் வந்தார்.

"அண்ணே, காளியப்பண்ணன போலீஸ் பாலாய்க்குக் கொண்டு போய்ட்டாங்களாமே?"

"ஆமா. அவன் சட்டைதான். மஞ்சள் ரெண்டு. நான்தான் அடையாளம் சொன்னேன்."

"நூல மடிப்புக்குள்ள பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? எனக்குத் தெரியாத நூலா?"

"ஒங்களுக்கு நூலத் தெரியும்ணே. அது நெறம் மாறிப்போச்சுன்னா ஒங்ககிட்ட வந்து சொல்லுமா?"

பையைக் கீழே வைத்துவிட்டு அவர் நினைவுபடுத்தினார். ஒரு மாதத்துக்கு முன்பு, புதிதாக இயந்திரம் ஓட்ட வந்தவர் தெரியாமல் எட்டுக் கருநீலச் சட்டைகளை விடுதி விரிப்புகளோடு சேர்த்து வெளுப்பு மருந்தில் ஓட்டிவிட்டார். சட்டைத் துணி பாலியெஸ்டர், அதன் சாயம் அசையவில்லை. ஆனால் அடையாள நூல் பருத்தி. பச்சை நூலில் இருக்கும் நீலம் முதலில் கழன்று ஓடிவிடும், மஞ்சள்தான் மிஞ்சும். மேரி அன்றே என்னிடம் வந்து, எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும் என்றார். "சாயத்தப் பத்தி எனக்கே பாடமா? வேலயப் பாரு" என்று அனுப்பிவிட்டேன்.

"நீங்க வேணாம்னீங்க. நான் சாப்பாட்டு நேரத்துல ஒக்காந்து ஏழு சட்டையத் தச்சுட்டேன்" என்றார் மேரி. "எட்டாவது கைக்கு வரல. போட்டிருந்தவரு கழட்டிக் குடுக்கல."

பச்சை நூலை நான் வெளியாருக்குக் கொடுத்ததே இல்லை. என் குடும்பத்துக்கு மட்டும்தான். பச்சை ஒன்று நான். பச்சை இரண்டு, என் தங்கச்சி மகன் தினேஷ். என் வேனைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வாய மூடு மேரி" என்றேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

"மூடிக்கிறேன்ணே. காளியப்பண்ணன் வெளிய வரட்டும், அப்புறமா மூடிக்கிறேன். நீங்க வர்றீங்களா, நான் நடந்து போவட்டுமா?"

காரில்

கார் சாவியை எடுத்தேன். நல்ல மனசு வந்து எடுத்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். கூலிக்கு வேலை செய்கிறவர் தனியாகப் போய்ச் சொல்லி, முதலாளி பின்னால் ஒளிந்திருந்தான் என்று ஊர் பேசுமே என்ற பயம்தான்.

அப்பா போனபிறகு தங்கச்சியை வளர்த்தது நான்தான். அவள் கல்யாணத்துக்கு நான்தான் முன்னால் நின்றேன். அவள் புருஷன் போனபோது, தினேஷைத் தோளில் சாய்த்துக்கொண்டு "இனி இவன் எம்பொறுப்பு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னதும் நான்தான். வாயைத் திறந்தால் அவள் முகத்தில் முழிக்க முடியாது. திறக்காவிட்டால் காளியப்பன் திரும்ப உள்ளே போவார். இந்த வயதில் போனால் அவர் எழுந்திருக்க மாட்டார்.

"அங்க போயி என்ன சொல்லப் போற, மேரி?"

"நூலு பச்சைன்னு சொல்லுவேன். அவ்ளோதான்."

"பச்சை யாருன்னு கேப்பாரே?"

"நான் சொல்ல மாட்டேன். அது ஒங்க வாயால வரட்டும். நான் சொன்னா, வேலக்காரி போட்டுக் குடுத்துட்டான்னு ஆயிரும். நீங்க சொன்னா ஒங்க பேரு நிக்கும்லா அண்ணே."

அந்த நிலைமையிலும் என் பேருக்காக யோசித்திருக்கிறார்.

"ஒனக்கு வேல போயிருமேன்னு பயமில்லையா?"

"இல்லாமலா? காப்பார் தாண்டுறதுக்குள்ள பஸ்லயே அழுது முடிச்சிட்டேன். இப்ப வெரசா ஓட்டுங்க."

பச்சை

பாலாயில் சார்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு சட்டையை வெளியே எடுத்தார். மேரி மேசைக்கு இந்தப் பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, ஆசிரியை சொல்வது போல் நிதானமாகச் சொன்னார்.

"சார், மேல தெரியிற நூல விடுங்க. பட்டை மடிப்புக்குள்ள கொஞ்சம் போயிருக்கும், அதப் பாருங்க. மருந்து அங்க எறங்காது."

ஓர் ஊசியால் மடிப்பை விலக்கினார்கள். உள்ளே ஒரு நகக்கண் அளவு நூல். தஞ்சோங் காராங் நெல்வயல் போல அப்படியொரு பச்சை.

மேரி அதோடு நிறுத்தவில்லை. "இன்னொண்ணு சார். காலர்ல செம்பட்டையா ஒட்டியிருக்கு பாருங்க. தலைக்கு அடிக்கிற சாயம். முன்னாடி நாலு தடவ தேச்சுப் பாத்திருக்கேன், போவல. காளியப்பண்ணன் தலைய நீங்களே பாத்திருப்பீங்க. அதுல எங்க போயி சாயம் அடிக்கிறது?"

காளியப்பன் தலை உரித்த முட்டை. பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். சார்ஜனும் சிரித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, பச்சை ரெண்டு யாருண்ணே?"

மேரி என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது வற்புறுத்தல் ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். சார்ஜன் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், அந்தத் தண்ணீரையும் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"என் தங்கச்சி மவன். தினேஷ்" என்றேன்.

வேனில் அழுக்கு விரிப்பு மூட்டைகளுக்கு அடியிலேயே கைப்பேசிகள் இருந்தன. என் வேனில்தான். தினேஷ் ஒப்புக்கொண்டான். அவனுக்கு நான் வக்கீல் வைத்தேன், ஆனால் அவனுக்காக ஒரு பொய்யும் சொல்லவில்லை.

சாயங்காலம் தங்கச்சி கடை வாசல் அஞ்சடியில் வந்து நின்று, தெருவே கேட்க என்னைத் துவைத்துக் காயப்போட்டாள். "ஒங்க கௌரவத்துக்கு எம்புள்ளயத் தூக்கிக் குடுத்துட்டீங்களேண்ணே!" என்றாள். மேரி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "நீதானேடி எல்லாத்துக்கும் காரணம்" என்று அவருக்கும் விழுந்தது. மேரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அவள் அழுது ஓய்ந்ததும் கையைப் பிடித்து வீடுவரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். தங்கச்சி இன்றுவரை என்னோடு பேசவில்லை. மேரியோடு பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் மேரி அவள் வீட்டில்தான் பசியாறுகிறார்.

நான் பெரிய பெரிய ஆட்களைப் பார்த்தவன். வேட்டி கசங்காமல் மேடையில் பேசுகிறவர்கள், கோட்டுப் போட்டவர்கள், பட்டம் வாங்கியவர்கள் எல்லோருடைய துணியும் என் கைக்கு வந்திருக்கிறது. மேரிக்குப் பக்கத்தில் நிறுத்த அவர்களில் ஒருவரும் எனக்கு அகப்படவில்லை.

மூன்று பேர்

காளியப்பன் இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். சலவைச் சட்டைதான் போட்டிருந்தார், மடிப்புக் கலையவில்லை. கண்ணுக்குக் கீழேதான் கறுத்திருந்தது. நான் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை அதற்கு முன்பு நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தார். மேரி தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இஸ்திரி மேசைக்குத் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கலாமாண்ணே?"

"கேளு காளி."

"அன்னிக்கி எம்பேரச் சொல்றதுக்கு எவ்ளோ நேரம் யோசிச்சீங்க?"

சமாளிக்க ஆயிரம் வார்த்தை இருந்தது. "யோசிக்கல."

"ஒங்க மருமவன் பேரச் சொல்றதுக்கு?"

"ரொம்ப நேரம்."

தலையாட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தேநீரை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். காலிக் கிளாஸை இஸ்திரி மேசைக்கு எடுத்துப்போய் வைத்துவிட்டு, "நீ எவ்ளோ நேரம் யோசிச்சேம்மா?" என்று கேட்டார்.

மேரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரந்தாண்ணே."